கப்பலின் கொடி எதுவரை காக்கும்?

சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, பூக்கெட் போய்த் திரும்பும் டிசம்பர் விடுமுறைக் கப்பல்களுக்கு முழுத்தொகையையும் கட்டவேண்டிய கெடு நெருங்குகிறது. அதைத் தாண்டி ரத்து செய்தால் பணத்தில் பெரும்பகுதி போய்விடும். இந்த நேரத்தில் தன்பாலின இணையர்கள் சிலர் எழுதியிருக்கும் கடிதங்களில் ஏறத்தாழ ஒரே கேள்விதான். ‘கப்பல் வெளிநாட்டுக் கொடியோடு ஓடுகிறது, உள்ளே இருக்கும்வரை மலேசியச் சட்டம் உங்களைத் தொடாது’ என்கிறாராம் ஏஜெண்ட். நம்பலாமா?

பாதி நம்பலாம்.

அந்தக் கப்பல்களின் பின்புறத்தில், பெயருக்குக் கீழே, சின்ன எழுத்தில் ஓர் ஊர்ப்பெயர் இருக்கும். ராயல் கரீபியன் கப்பல் என்றால் பெரும்பாலும் ‘நசாவ்’. பஹாமாஸின் தலைநகரம். வரியும் ஊழியர் சட்டமும் வசதியாக இருப்பதால் பதிவு அங்கே. 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கைப்படி, நடுக்கடலில் கப்பல் மீதான அதிகாரம் கொடி நாட்டுக்குத்தான். பஹாமாஸ் 1991லேயே தன்பாலின உறவைக் குற்றப்பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. எனவே நடுக்கடலில் கவலையில்லை.

இந்தக் கொடி ஏற்பாடு எவ்வளவு விசித்திரமானது என்பதற்கு ஓர் உதாரணம். மால்டா 2017இல் தன்பாலினத் திருமணத்தைச் சட்டமாக்கியது. சில மாதங்களிலேயே, 2018 ஜனவரியில், மால்டாவில் பதிவான செலிப்ரிட்டி இக்வினாக்ஸ் கப்பலில் இரண்டு ஆண்களுக்குச் சட்டப்படி கல்யாணம் நடந்தது. அதே 2018இல் பெர்முடா, நீதிமன்றம் கொடுத்திருந்த திருமண உரிமையைப் புதிய சட்டத்தால் பறித்தது. பெர்முடாவில் பதிவான கப்பல்களை வைத்திருந்த கார்னிவல் குழுமம் எதிர் வழக்குக்குத் துணைநின்றும் பலனில்லை. 2022 மார்ச்சில் லண்டன் பிரிவி கவுன்சில் அரசின் பக்கமே தீர்ப்பளித்தது. விளம்பரத்தில் வானவில்லை எந்த நிறுவனமும் வரையலாம். உரிமையை முடிவுசெய்வது பின்புறத்தில் எழுதியிருக்கும் அந்த ஊர்.

இனி ஏஜெண்ட் சொல்லாத பாதி. கப்பல் துறைமுகத்தில் கயிறு கட்டி நின்றுவிட்டால் அது அந்த நாட்டின் உள்நீர். அங்கே உள்ளூர்ச் சட்டத்துக்கு முழு அதிகாரம் உண்டு. உங்கள் அறையும் பால்கனியும் அதற்குள் அடக்கம். 2012 மார்ச்சில் கரீபியத் தீவான டொமினிக்காவில் நடந்தது இதுதான். ஆண் இணையர்களுக்கென்றே அமர்த்தப்பட்ட கப்பல் அது. பால்கனியில் நெருக்கமாக இருந்த அமெரிக்க ஆண்கள் இருவர் துறையிலிருந்து பார்ப்பவர் கண்ணில் பட்டார்கள். போலீஸ் கப்பலிலிருந்தே அழைத்துப் போனது. கப்பல் அவர்களை விட்டுவிட்டுக் கிளம்பியது. கடைசியில் பொது இடத்தில் அநாகரிகமாக நடந்ததாக ஒப்புக்கொண்டு அபராதம் கட்டித்தான் வெளியே வந்தார்கள். (தன்பாலின உறவைக் குற்றமாக்கிய அந்த நாட்டின் பழைய சட்டத்தை 2024 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.)

என்னை அதிகம் உறுத்துவது அடுத்த கட்டம். கரையிலிருந்து 12 கடல் மைல் வரை கரை நாட்டின் கடல். அதை வெறுமனே கடந்துபோகும் கப்பலுக்குள் புகுந்து கைது செய்யாமலிருப்பது நல்லது என்கிறது உடன்படிக்கையின் 27ஆம் பிரிவு. கரை நாட்டின் அமைதியைக் குலைக்கும் குற்றம், போதைப்பொருள் போன்ற விலக்குகள் வேறு. அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவைப் படியுங்கள். துறைமுகத்துக்குள் வந்துவிட்டு வெளியேறும் கப்பலுக்கு இந்தச் சலுகை கிடையாது. பினாங்கில் நங்கூரம் எடுத்ததும் ‘அப்பாடா, கிளம்பிவிட்டோம்’ என்று மூச்சுவிடுவது சட்டப்படி அவசரம். நிற்காமல் மலாக்கா நீரிணை வழியே பூக்கெட் போகும் கப்பலுக்கும், பினாங்கில் நின்று போகும் கப்பலுக்கும் கொடி ஒன்றே. பாதுகாப்பு ஒன்றல்ல.

மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 377ஏ, 377பி பிரிவுகள் ஆண்களுக்கிடையிலான உடலுறவுக்கு 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்கின்றன. 2019இல் பெர்லின் சுற்றுலாக் கண்காட்சியில் தன்பாலினத்தவரை மலேசியா வரவேற்குமா என்று கேட்டபோது, அப்போதைய மலேசியச் சுற்றுலா அமைச்சர் தம் நாட்டில் அப்படி யாரும் இருப்பதாகத் தமக்குத் தெரியவில்லை என்றார். இல்லாதவர்களுக்கு எதற்கு 20 ஆண்டு? பினாங்கின் ஜார்ஜ் டவுனில் இரண்டு ஆண்கள் சேர்ந்து நடப்பதை யாரும் பொருட்படுத்தப் போவதில்லை. கையிலும் பையிலும் என்ன இருக்கிறது என்பதைப் பாருங்கள். 2023 மேயில் கடைகளிலிருந்து ஸ்வாட்ச் நிறுவனத்தின் வானவில் கைக்கடிகாரங்கள் பறிமுதல் ஆயின. ஆகஸ்டில் அவற்றை விற்கவும் கட்டவும் தடை வந்தது. 3 ஆண்டு வரை சிறை என்று உள்துறை எச்சரித்தது. பறிமுதலானவற்றைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி 2024 நவம்பரில் நீதிமன்றம் உத்தரவிட்டது, தடையை அது நீக்கவில்லை.

மற்ற கேள்விகள் சுருக்கமாக.

கரையில் இறங்காமல் அறையிலேயே இருந்துவிட்டால்? துறையில் நிற்கும்வரை நீங்கள் இருப்பது மலேசியாவில்தான்.

பெண் இணையருக்கு? ‘அநாகரிகச் செயல்’ என்ற 377டி பெண்களுக்கும் பொருந்தும். முஸ்லிம்களுக்கு மாநில ஷரியா சட்டம் தனி. 2018இல் திரங்கானுவில் இரண்டு பெண்களுக்குப் பிரம்படி கொடுத்தது அதன்படிதான்.

சிங்கப்பூர்? ஆண்களுக்கு எதிரான 377ஏ பிரிவு 2023 ஜனவரி 3 முதல் இல்லை.

தாய்லாந்து? 2025 ஜனவரி 23 முதல் அங்கே கல்யாணமே செய்துகொள்ளலாம்.

சென்னையிலிருந்து இலங்கை போகும் கப்பல்? அங்கே இத்தகைய உறவைத் தண்டிக்கும் 365, 365ஏ பிரிவுகள் உள்ளன. அவற்றைத் திருத்தும் மசோதா அரசியலமைப்புக்கு முரணல்ல என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொன்னபிறகும் அது சட்டமாகவில்லை.

ஒருவருக்கு உடல்நலம் கெட்டுப் பினாங்கு மருத்துவமனையில் சேர்த்தால்? இந்திய இணையர் என்றால் உறவைக் காட்டும் காகிதம் எதுவும் உங்களிடம் இருக்காது, 2023 அக்டோபரில் இந்திய உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்துக்குக் கதவைத் திறக்கவில்லை. நோட்டரியிடம் சான்று பெற்ற மருத்துவ அதிகாரப் பத்திரம் எழுதி ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். காப்பீட்டிலும் அவசரத் தொடர்பாக ஒருவர் பெயரை மற்றவர் கொடுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து பினாங்கில் நிற்காமல் பூக்கெட் போகும் பயணங்களும் உண்டு. மாற்றிக்கொள்ள நினைப்பவர்கள் கெடு முடியுமுன் ஏஜெண்டிடம் எழுத்தில் கேளுங்கள்.