பழைய காருக்குப் புதிய பம்பு

தொட்டியில் பெட்ரோல் இருக்கிறது. பாட்டரியில் மின்சாரம் இருக்கிறது. ஸ்பார்க் பிளக்கில் பொறியும் பறக்கிறது. ஆனாலும் கார் ஓட மறுக்கிறது! சாலையோரம் நிறுத்தி அரைமணி நேரம் காத்திருந்தால், ஒன்றுமே நடவாததுபோல் மீண்டும் கிளம்பிவிடுகிறது. இது என்ன விந்தை?

இங்கிலாந்தில் டிரயம்ப் டிஆர்6 என்னும் பழைய ஸ்போர்ட்ஸ் காரை வைத்திருப்போருக்கு இந்த விந்தை நன்கு பழக்கமானது. கோடை நாளில் நெரிசலான சாலையில் வண்டி நின்றுவிட்டால், கடையில் உறைந்த பச்சைப் பட்டாணிப் பொட்டலம் ஒன்றை வாங்கி வந்து டிக்கிக்குள் இருக்கும் பெட்ரோல் பம்பின்மீது வைப்பார்கள் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வேடிக்கைதான், ஆனால் நோய் எது என்பதை அந்தப் பட்டாணிப் பொட்டலம் சரியாகவே சுட்டிக் காட்டிவிடுகிறது. நோய், வெப்பம்.

இந்த நோய்க்கு மருந்தாகப் பலர் பழைய பம்பை அகற்றிவிட்டு வேறு வகை மின் பம்பைப் பொருத்துகின்றனர். அப்படிப் பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை யாவை? வெப்பம் எங்கே பிறக்கிறது, எங்கே போகிறது என்று கணக்கிட்டுப் பார்த்தால் எல்லாக் கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும். வாருங்கள், பார்ப்போம்.

தறி நாடா போன்ற ஒரு கருவி

சாதாரணப் பழைய கார்களில் கார்புரேட்டர் இருக்கும். எஞ்சின் உறிஞ்சும் காற்று ஒரு குறுகிய வழியே விரைந்து செல்லும்போது பெட்ரோலையும் தன்னோடு இழுத்துச் செல்லும். இதற்குப் பெட்ரோலை அதிக அழுத்தத்தில் தரவேண்டிய தேவை இல்லை.

கவென்ட்ரி நகரில் செய்யப்பட்ட டிரயம்ப் கார்களில் 1967-இல் டிஆர்5 என்னும் வண்டியும், 1968-இல் டிஆர்6 வண்டியும் வேறு முறையைக் கைக்கொண்டன. இவற்றின் எஞ்சின் 2,498 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் 6 சிலிண்டர்களும் கொண்டது. லூகாஸ் நிறுவனம் அமைத்த கருவி ஒன்று ஒவ்வொரு சிலிண்டருக்கும் உரிய பெட்ரோலை அளந்து பீய்ச்சியது. இத்தகைய பீய்ச்சு முறை 1950-களிலேயே ஜாகுவார் பந்தயக் கார்களில் பயன்பட்டதுதான்.

அளக்கும் கருவிக்குள் ஒரு சிறு உலோகத் துண்டு உண்டு. தறியில் நாடா இங்கும் அங்கும் ஓடுவதுபோல் அது இரு தடுப்புகளுக்கிடையே ஓடும். ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒரு சிலிண்டருக்கு உரிய பெட்ரோலைத் தள்ளும். எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்றுச் சுற்றினால், இந்த நாடா நொடிக்கு 250 முறை ஓடியாக வேண்டும்! அதை ஓட்டுவது எது? பெட்ரோலின் அழுத்தமே. அந்த அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 105 பவுண்டு. கார் டயரில் நாம் அடைக்கும் காற்றைவிடச் சுமார் மூன்று மடங்கு!

இவ்வளவு அழுத்தத்தை உண்டாக்குவதுதான் டிக்கியில் இருக்கும் மின் பம்பின் வேலை. தேவைக்கு மேற்பட்ட பெட்ரோல் ஓர் அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வு வழியே தொட்டிக்கே திரும்பிவிடும். பழைய பஸ், லாரிகளின் டீசல் எஞ்சினில் மெக்கானிக்குகள் 'பம்பு' என்று சொல்வது வேறு. அங்கே அளப்பதும் அழுத்துவதும் ஒரே கருவி. இங்கே அளப்பது ஒன்று, அழுத்துவது வேறொன்று. ஆகவே, அளக்கும் கருவியைத் தொடாமல் பம்பை மட்டும் மாற்ற முடிகிறது.

வெப்பத்தின் கணக்கு

ஓர் எளிய கணக்குப் போடுவோம். பம்பு நொடிக்கு 25 கன சென்டிமீட்டர் பெட்ரோலை 105 பவுண்டு அழுத்தத்தில் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். இதற்கு வேண்டிய திறன் சுமார் 18 வாட்டு. பம்பின் மோட்டார் 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் மின்சாரம் இழுத்தால், அது எடுத்துக்கொள்வது 60 வாட்டு. மீதி 42 வாட்டு என்ன ஆயிற்று? வெப்பமாயிற்று.

42 வாட்டு என்பது ஒரு மின்விளக்கு அளவுதானே என்று எண்ணலாம். பழைய குண்டு பல்பு ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றி மூடி வைத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். பழைய லூகாஸ் பம்பின் நிலை ஏறக்குறைய அதுதான். அதன் மோட்டார், கார்க் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர் மோட்டாரின் வழிவந்தது. மோட்டார் ஒருபுறம், பெட்ரோலைத் தள்ளும் பற்சக்கரங்கள் மறுபுறம், நடுவே பெட்ரோல் மோட்டாருக்குள் புகாமல் தடுக்கும் சீல். மோட்டாரின் வெப்பம் வெளியேற நல்ல வழி இல்லை. அது உலோக உடல் வழியாகப் பற்சக்கரங்கள் இருக்கும் பக்கத்துக்குப் பரவுகிறது. அங்கேதான் பெட்ரோல் நுழைகிறது.

பெட்ரோல் எளிதில் ஆவியாகும் பொருள். 38 டிகிரி செல்சியஸில் அதன் ஆவியழுத்தம் காற்றழுத்தத்தில் ஏறத்தாழப் பாதியோ அதற்கு மேலுமோ இருக்கும். பம்பு உறிஞ்சும் இடத்தில் அழுத்தம் குறைவு, வெப்பமோ அதிகம். இரண்டும் சேர்ந்தால் பெட்ரோல் அங்கேயே கொதித்துக் குமிழிகள் ஆகிவிடும். திரவத்தை அழுத்தித் தள்ளலாம்; குமிழியை அழுத்தினால் அது சுருங்குமே தவிர நகராது. அழுத்தம் விழும், நாடா தடுமாறும், எஞ்சின் இருமி நின்றுவிடும். வெப்பம் தணிந்தபின் குமிழிகள் மறையும், வண்டி கிளம்பும். விந்தை விளங்கிவிட்டது அல்லவா?

குளிர்விக்கும் பெட்ரோல்

ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் செய்த பம்புகளில் அமைப்பே வேறு. வட்டமான அறைக்குள் நடுவிலகிய சக்கரம் ஒன்று சுழலும். அதன் விளிம்புப் பள்ளங்களில் சிறு உருளைகள் இருக்கும். சுழலும்போது உருளைகள் வெளிப்புறம் வீசப்பட்டுச் சுவரை ஒட்டி உருளும். அவற்றின் இடைவெளி ஒருபுறம் விரிந்து பெட்ரோலை வாங்கும். மறுபுறம் சுருங்கி அதை வெளியே தள்ளும்.

ஆனால், முக்கியமான வேறுபாடு இதுவன்று. தள்ளப்படும் பெட்ரோல் முழுவதும் மோட்டாரின் உள்ளேயே, சுழலும் கம்பிச் சுருள்களைத் தழுவிக்கொண்டு செல்கிறது. மோட்டாரைப் பெட்ரோலே குளிப்பாட்டுகிறது!

மோட்டாரின் பிரஷ்களில் மின்பொறி பறக்குமே, பெட்ரோல் தீப்பற்றாதா என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. பெட்ரோல் ஆவி எரிய வேண்டுமானால் காற்றில் அது சுமார் நூற்றுக்கு 1.4 முதல் 7.6 பங்குக்குள் கலந்திருக்க வேண்டும். பம்புக்குள்ளே பெட்ரோல்தான் உண்டு, காற்று இல்லை. காற்றில்லா இடத்தில் தீ இல்லை.

முன்பு பார்த்த 42 வாட்டு வெப்பம் நொடிக்குச் சுமார் 10 கலோரி. நொடிக்கு ஓடும் 25 கன சென்டிமீட்டர் பெட்ரோலின் எடை 18.5 கிராம். பெட்ரோலின் வெப்ப ஏற்புத் தன்மை நீரில் பாதி. ஆகவே அத்தனை வெப்பத்தையும் எடுத்துச் செல்லும் பெட்ரோலின் சூடு ஒரு டிகிரிக்குச் சற்று மேல்தான் ஏறும். மோட்டாரைச் சுட்டெரித்த வெப்பம், ஓடும் பெட்ரோலுக்கு ஒரு பொருட்டே அல்ல.

ஆனால் வெப்பம் மறைந்துவிடவில்லை என்பதை மறக்காதீர்கள். இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். எஞ்சினுக்குத் தேவைப்படாத பெட்ரோல் அந்தச் சூட்டோடு தொட்டிக்குத் திரும்புகிறது. 60 வாட்டும் தொட்டியில் சேர்வதாகக் கொண்டால், 48 லிட்டர் பெட்ரோல் ஒரு டிகிரி சூடேற 20 நிமிடம் ஆகும். 12 லிட்டர் மட்டுமே இருந்தால் 5 நிமிடம் போதும். புதிய பம்பு பழையதைவிடக் கூடுதலான மின்சாரம் இழுக்கக் கூடியது. 10 ஆம்பியர் இழுத்தால் இந்த நேரம் பாதியாகிவிடும். தொட்டியின் சுவர் வழியே ஓரளவு சூடு வெளியேறும் என்பது உண்மையே. எனினும், கோடையில் தொட்டியைக் கால்வாசிக்குக் கீழே இறங்க விடாதிருப்பது புதிய பம்புக்கும் பொருந்தும் விதியாகும்.

பொருத்தும்போது

முதலாவது, சரியான பம்பைத் தேர்ந்தெடுத்தல். பீய்ச்சு முறைகள் பல. அவற்றின் அழுத்தங்களும் பல. பாஷ் நிறுவனத்தின் முதல் மின்னணுப் பீய்ச்சு முறைக்குச் சதுர அங்குலத்துக்குச் சுமார் 30 பவுண்டு போதும். 1973-இல் வந்த கே-ஜெட்ரானிக் முறைக்கு ஏறத்தாழ 70 பவுண்டு வேண்டும். டிரயம்ப் காருக்கோ 105. ஆகவே, ஏதோ ஒரு காரிலிருந்து கழற்றிய பம்பு உதவாது. கே-ஜெட்ரானிக் வகையைப் போல உயர் அழுத்தத்தைத் தாங்கும் பம்பே வேண்டும். அது 105 பவுண்டில் போதிய பெட்ரோல் தருகிறதா என்றும் சோதிக்க வேண்டும்.

இரண்டாவது, இடம். எந்தப் பம்பும் உண்மையில் 'இழுப்பதில்லை'. அது தன் முன்னே அழுத்தத்தைக் குறைக்கிறது. மேலிருக்கும் காற்றழுத்தம்தான் திரவத்தைத் தள்ளிக்கொண்டு வருகிறது. கிணற்று நீரை மேலிருந்து உறிஞ்சும் பம்பு 34 அடிக்கு மேல் ஏற்ற முடியாது என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். சூடான பெட்ரோலுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. அழுத்தம் சிறிது குறைந்தாலே குமிழி தோன்றிவிடும். எனவே பம்பைத் தொட்டியின் அடிமட்டத்துக்கும் கீழே, பெட்ரோல் தன் எடையாலேயே வந்து நிரம்பும்படி அமைக்க வேண்டும். புகைக்குழாயின் அருகே வைக்கக் கூடாது.

தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் குழாய் அகலமாகவும் குட்டையாகவும் இருக்க வேண்டும். குழாயின் உள்விட்டம் பாதியானால் ஓட்டத்துக்கு உண்டாகும் எதிர்ப்பு குறைந்தது 16 மடங்காகும். பம்பின் நுழைவாய் அகலமாகவும் வெளிவாய் குறுகலாகவும் இருப்பதன் காரணம் இதுவே. பழைய அமைப்பில் நுண்ணிய தாள் வடிகட்டி பம்புக்கு முன்னே இருந்தது. புதிய அமைப்பில் பம்புக்கு முன்னே, தடை தராத அகன்ற சல்லடை வடிகட்டியை வைத்து, நுண்ணிய வடிகட்டியைப் பம்புக்குப் பின்னே வைப்பது நல்லது. பின்னே வைப்பது அந்த அழுத்தத்தைத் தாங்கும் உலோகக் கூடுடையதாக இருக்கட்டும்.

மூன்றாவது, மின்கம்பி. பாட்டரி காரின் முன்பக்கம்; பம்போ பின்பக்கம். 5 மீட்டர் நீளமும் 1 சதுர மில்லிமீட்டர் பருமனும் உள்ள செப்புக் கம்பியில் 10 ஆம்பியர் ஓடினால் சுமார் 0.9 வோல்ட் வழியிலேயே வீணாகிவிடும். பழைய சுவிட்சுகளும் துருவேறிய இணைப்புகளும் தம் பங்கை எடுத்துக்கொள்ளும். வோல்ட் குறைந்தால் பம்பின் வேகம் குறையும். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியானால் இழப்பு 0.35 வோல்ட்தான். ஆகவே பாட்டரியிலிருந்து பியூஸ், ரிலே வழியாகத் தடித்த கம்பி ஒன்றைத் தனியே கொண்டுவர வேண்டும். காரின் பழைய கம்பி ரிலேயை இயக்க மட்டும் பயன்படட்டும். நேர், எதிர் முனைகள் மாறினால் மோட்டார் பின்னோக்கிச் சுழலும்; பெட்ரோல் வராது. பெட்ரோலே இந்தப் பம்புக்கு மசகும் ஆவதால், வறண்ட நிலையில் நெடுநேரம் ஓடினால் உள்ளே தேய்ந்து கெடும்.

உயிர் காக்கும் சில செய்திகள்

105 பவுண்டு அழுத்தத்தில் உள்ள குழாயில் ஊசித் துளை விழுந்தாலும் பெட்ரோல் புகைபோலப் பீறிட்டு வரும். விபத்தில் குழாய் அறுந்து, பம்பு மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆதலால், மோதல் அதிர்ச்சியில் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சைத் தவறாது இணைக்க வேண்டும். எஞ்சின் நின்றவுடன் பம்பையும் நிறுத்தும் ரிலேயைப் பொருத்துவது இன்னும் நல்லது.

ரப்பர் குழாய்களையும் பழையபடியே விட்டுவிடலாகாது. 2021 செப்டம்பரில் பிரிட்டனில் சாதாரணப் பெட்ரோலில் நூற்றுக்குப் பத்துப் பங்குவரை எத்தனால் கலந்து விற்கத் தொடங்கினர். பழைய வகை ரப்பர் எத்தனாலில் ஊறி வெடித்துக் கசியும். எத்தனாலையும் அழுத்தத்தையும் தாங்கும் குழாய்களையே வாங்க வேண்டும்.

வேலை தொடங்குமுன் பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. தரையிலும் பள்ளத்திலும் தேங்கி நிற்கும். எனவே வண்டிக்கு அடியில் பள்ளம் உள்ள கொட்டகையில் இந்த வேலை கூடாது. திறந்த வெளியே ஏற்றது. தீயணைப்பான் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். முடிந்தபின் எஞ்சினை இயக்காமல் பம்பை மட்டும் ஓட்டி, அழுத்தமானியில் 105 பவுண்டு நிற்கிறதா, எந்த இணைப்பிலாவது ஈரம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். மாணவர்களே, இது தேர்ந்த மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை. நீங்கள் அருகில் நின்று கற்றுக்கொள்ளுங்கள்.

டிரயம்பின் பெரிய பீய்ச்சு எஞ்சின் கார் ஒன்று 1975-இல் கைவிடப்பட்டு, அதன் இடத்தில் கார்புரேட்டர் பொருத்திய கார் வந்தது. டிஆர்6 வண்டியின் உற்பத்தியும் 1976-இல் நின்றது. பீய்ச்சு முறைக்கு வாய்த்த கெட்ட பெயரில் சூடேறும் பம்புக்கும் பங்கு உண்டு. ஆனால் அளந்து பீய்ச்சும் கொள்கை தவறானதன்று. பிற்காலத்தில் உலகெங்கும் பெட்ரோல் கார்களில் கார்புரேட்டரை விலக்கிவிட்டு அந்தக் கொள்கையே வென்றது. அன்று தடுமாறியது 42 வாட்டு வெப்பத்துக்கு வெளியேற வழி வைக்காததால்தான். கழற்றிய பழைய பம்பை எறிந்துவிடாமல் துடைத்து வைத்திருங்கள். வண்டியின் வரலாற்றில் அதற்கும் ஓர் இடம் உண்டு. நமக்கோ அது ஒரு நல்ல பாடப் புத்தகம்.