ஒரு லிட்டரும் ஐந்தருவியும்!

குற்றாலத்துக்குக் கிளம்புகிறவர்கள் வழக்கமாக என்ன எடுத்து வைப்பார்கள்? துண்டு, எண்ணெய், மாற்றுத் துணி, புளியோதரை. நாங்கள் எடுத்து வைத்தது... மஞ்சள்காமாலை பி, சி, எச்.ஐ.வி. மூன்றும் இல்லை என்று சொல்லும் லேப் ரிப்போர்ட்டுகள், கடைசி மூன்று டயாலிசிஸ் சார்ட்டுகள், ஐஸ்கட்டி போட்ட பிளாஸ்க், அதற்குள் ரத்தம் ஊறுவதற்கான ஒரு ஊசி மருந்து, அப்புறம் எடை பார்க்கும் மிஷின். மிஷினைப் பெட்டிக்குள் திணித்துக் கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு மாமி, "என்ன, குத்தாலத்துல பழைய பேப்பர் கடை போடப் போறேளா?" என்றார்.

இது 2022 ஜூலையில் நடந்தது. அப்போது என் மனைவியின் இரண்டு சிறுநீரகங்களும் ஸ்டிரைக்கில் இறங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தது. தலைவலி, கால் வீக்கம் என்று டாக்டரிடம் போனோம். ரத்தத்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நாள் எங்கே இருந்தீங்க?" என்று கேட்டார். அன்றிலிருந்து திங்கள், புதன், வெள்ளி... வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், மிஷினோடு அவளுக்கு அப்பாயின்ட்மென்ட்.

அடியேன் பி.காம். முதல் வருஷம், முதல் வகுப்பில் சொல்லிக் கொடுப்பார்கள்: உள்ளே வருவது டெபிட், வெளியே போவது கிரெடிட். அம்மணியின் உடம்பில் டெபிட் மட்டும்தான். குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லை. கால், முகம் என்று தேங்கி, ரொம்ப மிஞ்சினால் நுரையீரலில் ஏறி மூச்சு முட்டும். எனவே காபி, மோர், ரசம், மாத்திரை போடும் தண்ணீர் எல்லாம் சேர்த்து நாளைக்கு ஒரு லிட்டர். ஒரு லிட்டர் ஏறினால் மிஷினில் ஒரு கிலோ காட்டும், அவ்வளவு துல்லியமான கணக்கு! வீட்டில் ஒரு நோட்டு போட்டு, 100 மில்லி டம்ளர் ஒன்று வாங்கி, நானே ஆடிட்டராகவும் இருந்தேன். 'எவ்வளவு குடிச்சே?' என்பதுதான் ஆபீஸிலிருந்து வந்ததும் நான் கேட்கிற முதல் கேள்வி. ஒரு காலத்தில் 'மல்லிப்பூ வாங்கிட்டு வரவா?' என்று கேட்ட வாய்தான் இது.

அப்படிப்பட்டவள் ஒருநாள் டி.வி.யில் சீசன் செய்தியைப் பார்த்துவிட்டு, "என்னங்க, குத்தாலம் போலாமா?" என்றாள்.

நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கிறவள், போக ஆசைப்படுகிற ஊரைப் பாருங்கள்!

நான் பிளான் சொன்னேன். வெள்ளிக்கிழமை காலை சென்னையில் டயாலிசிஸ், ராத்திரி ரயில், சனி, ஞாயிறு குற்றாலம், திங்கள் காலை திரும்பவும் நம்ம மிஷின். எந்தச் சிக்கலும் இல்லை.

"ரெண்டு நாள்னா அதுக்குப் பேரு லீவு இல்ல, ஜாமீன்" என்றாள். "திங்கக்கிழமை அங்கயே பண்ணிக்கலாம். மிஷின் என்ன சென்னையில மட்டுமா இருக்கு?"

இல்லைதான். போன் போட ஆரம்பித்தேன். ஓர் இடத்தில் 'ஃபுல்' என்றார்கள். இன்னோர் இடத்தில் எல்லா ரிப்போர்ட்டையும் அனுப்பச் சொல்லி, அனுப்பிய பிறகு போனையே எடுக்கவில்லை. வெளியூர் நோயாளி என்றால் அவர்களுக்கும் பயம்தான். ஒருவர் ரத்தத்திலிருந்து இன்னொருவருக்குக் கிருமி தொற்றிவிடக் கூடாதே. கடைசியில் தென்காசியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பேசிய டெக்னீஷியன் பையன் மூன்றே கேள்விதான் கேட்டான். உலர் எடை எவ்வளவு, கையில் ஃபிஸ்டுலா இருக்கிறதா, ரிப்போர்ட் எப்போது எடுத்தது. "48 கிலோ, இடது கையில இருக்கு, போன வாரம் எடுத்தது" என்றேன். "அப்ப கெளம்பி வாங்க அண்ணாச்சி, சீசன் சூப்பரா இருக்கு" என்றான்.

ரயில் டிக்கெட்டிலும் ஒரு தகராறு. டயாலிசிஸுக்காகப் பயணம் செய்யும் சிறுநீரக நோயாளிக்கும் கூடப் போகிற ஒருவருக்கும் ரயில்வேயில் சலுகை உண்டு. ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏ.சி.யில் 75 சதவிகிதம் தள்ளுபடி. தென்காசியில் டயாலிசிஸ் செய்துகொள்ளத்தானே போகிறோம் என்று என் வணிகவியல் மூளை நைசாக ஒரு வழி கண்டுபிடித்தது. அம்மணி ஒரே வெட்டாக வெட்டினாள். "நான் ஊர் சுத்திப் பாக்கப் போறேன். வைத்தியத்துக்குப் போகல. முழு டிக்கெட் எடுங்க."

எடுத்தேன்.

எனக்கு இதையெல்லாம் விடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்பு தானத்துக்காக அவள் பெயரைப் பதிவு செய்திருந்தோம். தமிழ்நாட்டில் அதற்கு ஓர் ஆணையம் இருக்கிறது, வரிசை இருக்கிறது. முறை வந்தால் எந்த நேரத்திலும் போன் வரும். நடு ராத்திரியிலும் வரும். உடனே ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். எடுத்த சிறுநீரகத்தைக் குளிரில் பத்திரப்படுத்தலாம் என்றாலும், நேரம் போகப் போக அதன் தெம்பு குறையும். நாம் இல்லை என்றால் அடுத்தவருக்குப் போகும். மூன்று வருஷமாக நான் பாத்ரூமுக்குக்கூட போனோடு போகிற ஆசாமி. ஒரு ராத்திரிப் பயணத் தூரத்தில் அருவியில் நிற்கும்போது அந்த போன் வந்தால்?

"மூணு வருஷமா வீட்டுலயேதான் இருந்தோம். வந்துச்சா?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒருங்கிணைப்பாளரிடம் எத்தனை நாள் வெளியூர் என்று எழுதிக் கொடுத்துவிட்டு பொதிகையில் ஏறினோம்.

சனிக்கிழமை தென்காசியில் இறங்கியபோதே முகத்தில் சாரல். ஆட்டோவில் கைக்கடங்காத சந்தோஷத்தோடு வந்தவளுக்குப் பேரருவியில் ஏமாற்றம். தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டிக் கொட்டுகிறது, குளிக்கத் தடை! போலீஸ்காரர் விசில் ஊதிக் கொண்டிருந்தார். 'அப்பாடா' என்று இருந்தது எனக்கு. வெளியே சொல்லவில்லை.

சாப்பாட்டுக் கடையில் இன்னொரு கூத்து. உப்பு கூடினால் தாகம் கூடும், தாகம் கூடினால் கணக்கு உதைக்கும். ஆகவே சப்ளையரிடம், "தம்பி, பொரியல் ஒண்ணு உப்பில்லாம கிடைக்குமா?" என்றேன். அவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஏன் சார், வீட்டுல சண்டையா?" என்றார்.

பழ வண்டிகள் இன்னொரு கண்டம். சீசனில் ரம்பூட்டான், மங்குஸ்தான், துரியான் என்று மணக்கும். பொட்டாசியம் சத்து உடம்பில் தேங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும் என்பதால் இளநீர், வாழைப்பழம் எல்லாம் எங்களுக்கு ஜென்ம விரோதிகள். துரியானும் அந்தக் கட்சி. ஆனால் மங்குஸ்தான் பரம சாது, அதில் பொட்டாசியம் குறைவு. இரண்டு வாங்கிக் கொடுத்தேன். நட்சத்திரப் பழம் என்று ஒன்று உண்டு, குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் மாதிரி இருக்கும். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அது சுத்த விஷம். விக்கலில் ஆரம்பித்து வலிப்பு, உயிராபத்து வரை போகும். ஒரு பாட்டி மிளகாய்ப்பொடி தூவி அதை ஆசையாக நீட்ட, நான் பாம்பைக் கண்டவன் போல் துள்ளியதில் பாட்டிக்கு என் மேல் இன்றைக்கும் வருத்தம் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவியில் தடை இல்லை. டாக்டர் போட்ட கண்டிஷன்கள் ஞாபகம் இருந்தன. நேர் விழுகிற இடத்தில் நிற்கக் கூடாது, இடது கையில் அடி படக் கூடாது, அந்தக் கையில் கனம் தூக்கக் கூடாது. எல்லாவற்றையும் ஒப்பித்தேன். "சரி... சரி..." என்றவள் இடது கையை மார்போடு அணைத்துக்கொண்டு பெண்கள் பக்கம் போனாள். போனவள் கூட்டத்தில் கரைந்துவிட்டாள்.

ஆண்கள் அங்கே போக முடியாது. நான் ஈரப் பாறை ஓரமாக, பிளாஸ்டிக் உறைக்குள் செல்போனோடு நின்றேன். பத்து நிமிஷம், இருபது நிமிஷம், முப்பது நிமிஷம்... வெளியே வருகிற ஒவ்வொரு தலையையும் பார்க்கிறேன், அவள் இல்லை. பிரஷர் இறங்கி மயங்கியிருந்தால்? கையில் யாராவது இடித்திருந்தால்? அந்தக் கையில் பட்டால் ரத்தம் சாதாரணமாக நிற்காது.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. சென்னை நம்பர். தெரியாத நம்பர்!

கை நடுங்க உறையைக் கிழித்து, "ஹலோ! ஹலோ!" என்று அருவிச் சத்தத்துக்கு மேல் கத்தினேன். பக்கத்தில் எண்ணெய் தேய்த்துக் கொண்டிருந்தவர் பயந்து எழுந்துவிட்டார்.

"வணக்கம் சார்! உங்களுக்கு மூன்று லட்ச ரூபாய் பர்சனல் லோன் சாங்ஷன் ஆகியிருக்கு சார்..."

அந்தப் பெண்ணை நான் திட்டவில்லை. திட்டுவதற்கு உடம்பில் தெம்பு இல்லை. ஈரப் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நிமிர்ந்தால் எதிரே அம்மணி. தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, பல் தந்தியடிக்க, கல்யாணமான புதிதில் பார்த்த அந்த முகத்தோடு நிற்கிறாள்.

நான் வாயைத் திறந்தேன். என்ன வந்தது தெரியுமா? "எவ்வளவு குடிச்சே?"

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கோபப்படவில்லை. துண்டை வாங்கித் தலையைத் துவட்டிக் கொண்டே, "இன்னிக்கு ஒரு நாள் கேக்காம இருங்களேன்" என்றாள்.

அறைக்கு வந்ததும் நோட்டைப் பெட்டிக்குள் போட்டேன். எடை மிஷினை வெளியில் எடுக்கவில்லை. சாயங்காலம் அவள் என்ன சாப்பிட்டாள், எத்தனை டம்ளர் என்று நான் பார்க்கவில்லை. பிளாஸ்க்கில் ஆறு ஐஸ்கட்டி இருக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான் இருந்தது. ஸ்டாக் குறைவதைப் பார்த்தும் ஆடிட்டர் கண்ணை மூடிக் கொண்டார். ராத்திரி வழக்கம் போல் அவள் இடது கையில் விரல் வைத்துப் பார்த்தேன். ஃபிஸ்டுலா ஓடுகிறதா என்று தினம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். உள்ளே ஒரு வண்டு பறப்பது போல 'கிர்ர்' என்று அதிரும். அதிர்ந்தது. வெளியே மழை. அந்தக் கையைச் சோதனைக்காக இல்லாமல் சும்மா பிடித்துக் கொண்டு ரொம்ப நாளாகிவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது.

திங்கட்கிழமை தென்காசி ஆஸ்பத்திரி. எடை மேடையில் 50.9! அதாவது 2.9 கிலோ. எங்கள் வீட்டுச் சட்டப்படி 2 தாண்டினாலே விசாரணைக் கமிஷன். டெக்னீஷியன் தம்பி மட்டும் அசரவில்லை. "வேகமா உறிஞ்சினா அக்காவுக்குத் தாங்காது, அரை மணி நேரம் கூட ஓட்டுவோம்" என்றான். அப்படியும் மூன்றாவது மணி நேரத்தில் அவளுக்குக் கெண்டைக்கால் பிடித்துக் கொண்டது. பல்லைக் கடித்துக் கொண்டு துடித்தாள். சலைன் ஏற்றினார்கள், நான் காலை நீவிவிட்டேன். வலி விட்டதும், "நேத்து ஒரு சொம்பு மோர் குடிச்சேன்" என்றாள். "நல்லா இருந்துச்சு." (இதைப் படித்துவிட்டு யாரும் சொம்பைத் தூக்க வேண்டாம். காலோடு போனது எங்கள் அதிர்ஷ்டம். மூச்சில் பிடித்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.)

பக்கத்துப் படுக்கையில் ஓர் ஆச்சி. உள்ளூர்தான், பீடி சுற்றிய விரல்கள். இவள் குற்றாலம் பார்க்க வந்தவள் என்று தெரிந்ததும் ஆச்சி தலையைத் திருப்பினார்.

"அருவியில தண்ணி நல்லா வுழுதா தாயி?"

"நல்லா விழுது ஆச்சி. நீங்க போகலையா? இங்கதானே இருக்கு?"

"நாலு வருசமாச்சு. மவன் வுடமாட்டான். தண்ணியப் பாத்தா குடிச்சிருவேனாம்."

சொல்லிவிட்டு ஆச்சி பொக்கை வாயால் சிரித்தார். என் மனைவி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் பக்கத்தில் கிடந்த தினசரியை எடுத்து விரித்துக் கொண்டேன். தலைகீழாகப் பிடித்திருக்கிறேன் என்று அந்தத் தம்பிதான் சொன்னான்.

ஐந்தருவியில் எங்கே கால் வழுக்கும், எந்த நேரத்தில் கூட்டம் குறைவு, கையை எப்படி அணைத்துக் கொள்ள வேண்டும் என்று மீதி நேரம் முழுக்க அவள் ஆச்சிக்குப் பாடம் எடுத்தாள். ஆச்சியின் மகன் வந்ததும் அவரிடமும் பேசினாள். அவர் என்னைப் போலவே எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கூட்டிப் போனாரா என்று தெரியாது.

செவ்வாய் சாயங்காலம் ரயில். கிளம்பும் முன் பார்டரில் புரோட்டாவும் நாட்டுக்கோழியும், கூடவே திருநெல்வேலி அல்வாவும். இவை எல்லாம் என் கணக்கில். அவளுக்கு அரைப் புரோட்டா, சால்னா இல்லாமல். "திருச்செந்தூர்ல டயாலிசிஸ் இருக்கான்னு அந்தத் தம்பிகிட்ட கேட்டேன்" என்றாள், ஜன்னலைப் பார்த்தபடி.

புதன் காலை சென்னையில் எங்கள் வழக்கமான யூனிட். மேடையில் அவள் ஏறினாள். 49.6. ஒரு கிலோ அறுநூறுதான், பாஸ்! நர்ஸ் சிஸ்டர், "ஊருக்குப் போய் வந்த மாதிரியே இல்லையே" என்று பாராட்ட, "சார், நீங்களும் ஏறுங்க" என்று விளையாட்டாகச் சொன்னார். ஏறினேன்.

போகும்போது இருந்ததைவிட மூன்று கிலோ கூடுதல்.

"சாருக்கும் ஒரு பெட் போடுங்க சிஸ்டர்" என்றாள் அம்மணி.