இரண்டு லட்ச ரூபாய் கிட்டார் கைவலியைத் தீர்க்குமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை ரொம்ப மாற்றாமல், கொஞ்சம் சுருக்கித் தந்திருக்கிறோம்.)

போன வாரம் ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். வயசு 26. ஓஎம்ஆர்ல ஐடி வேலை, சனி ஞாயிறு பேண்ட் ப்ராக்டிஸ். ஆறு மாசமா இடது மணிக்கட்டு வலி. "அண்ணா, ரெண்டு லட்சம் சேர்த்து வெச்சிருக்கேன். தலையில்லாத எர்கோனாமிக் கிட்டார் வாங்கினா வலி போயிடும்னு ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் சொல்றாங்க. வாங்கிடலாமா?" இதுதான் கேள்வி.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நானும் இதே கேள்வியோடதான் சுத்திக்கிட்டு இருந்தேன். எனக்கு ரெண்டு வலி. ஒண்ணு இடது தோள்பட்டையில, இன்னொண்ணு இடது கட்டைவிரல் அடியில. அப்போ நண்பர் ஒருத்தர் தன்னோட விலை உயர்ந்த ஹெட்லெஸ் கிட்டாரை மூணு வாரம் கடன் கொடுத்தார். தோள்பட்டை வலி ஒரே வாரத்துல குறைஞ்சது. கட்டைவிரல் வலி அப்படியேதான் இருந்தது. ஒரு வலி போய் இன்னொண்ணு ஏன் நின்னது? அதுக்கு பதில் தெரிஞ்சா, தம்பியோட ரெண்டு லட்சத்தை என்ன பண்ணலாம்னும் தெரிஞ்சிடும்.

முதல்ல, எர்கோனாமிக் கிட்டார்னா என்ன?

உடம்பைக் கருவிக்காக வளைக்காம, கருவியை உடம்புக்கு ஏத்த மாதிரி செய்யறதுதான் எர்கோனாமிக்ஸ். கிட்டார்ல இது நாலு விஷயமா வரும். எடை குறைவான பாடி. ஹெட்ஸ்டாக் இல்லாத நெக். டியூனிங் கீ எல்லாம் பிரிட்ஜ் பக்கம் போயிடும். மடியில பல விதமா உட்காரும்படி வெட்டிய பாடி வடிவம். கடைசியா, கைக்குப் பிடிமானமா செதுக்கின நெக், சில சமயம் விசிறி மாதிரி சாய்ந்த ஃப்ரெட்கள்.

பார்க்க எதிர்காலத்துல இருந்து வந்த மாதிரி இருக்கும். ஆனா யோசனை பழசு. 1950-களின் தொடக்கத்துல வந்த டெலிகாஸ்டரின் பாடி ஒரு தட்டையான பலகை. அதோட விளிம்பு வலது முன்கையில அழுத்தும், பின்பக்கம் விலா எலும்புல இடிக்கும். வாசிக்கிறவங்க இதைச் சொன்னாங்க. 1954-ல ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டரைக் கொண்டு வந்தப்போ, கை வைக்கிற இடத்தையும் வயிறு படுற இடத்தையும் வளைச்சு செதுக்கிட்டாங்க. இன்னைக்கு பதினஞ்சாயிரம் ரூபாய்க்கு விக்கிற ஸ்ட்ராட் வகை கிட்டார்லகூட அந்தச் செதுக்கல் இருக்கு. எர்கோனாமிக்ஸுக்காகவே தனியா காசு கொடுக்கணும்னு நினைக்கிறதுக்கு முன்னாடி இதை ஞாபகம் வெச்சுக்கணும்.

அடுத்த பெரிய தாவல் நெட் ஸ்டைன்பெர்கர். அமெரிக்கர், அடிப்படையில மரச்சாமான் வடிவமைக்கிறவர். 1970-களின் பிற்பகுதியில முதல்ல வளைந்த பாடி கொண்ட ஒரு பேஸ் கிட்டாரை வடிவமைச்சார். அப்புறம் ஹெட்ஸ்டாக்கையே எடுத்துட்டு, மரத்துக்கு பதிலா கார்பன் இழை கலந்த பொருள்ல ஒரு பேஸ் செஞ்சார். 80-கள்ல அது மேடையெல்லாம் பரவிச்சு. 90-கள்ல அதே வேகத்துல காணாம போச்சு. காரணம் பெரும்பாலும் தோற்றம்தான். கிட்டாரை நாம வாசிக்க மட்டும் மாட்டிக்கிறதில்ல, மேடையில அது நம்மளோட உடுப்பும்கூட. 80-களின் உடுப்பு பழசானப்போ கிட்டாரும் பழசாயிடுச்சு.

அதைத் திரும்பக் கொண்டு வந்தவங்கள்ல முக்கியமானவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஓலா ஸ்ட்ராண்ட்பெர்க். தனி ஆளா வீட்டுல கிட்டார் செய்ய ஆரம்பிச்சவர். 2010-கள்ல அவரோட போடன் மாடல் ப்ராக்ரெசிவ் மெட்டல் வாசிக்கிறவங்க கையில நிறைய தெரிய ஆரம்பிச்சது. இப்போ பெரிய கம்பெனிகள்கூட ஹெட்லெஸ் வரிசை வெச்சிருக்காங்க.

எது உண்மையிலேயே வேலை செய்யுது?

எடை. இதுல சந்தேகமே இல்ல. ஒரு லெஸ் பால் வகை கிட்டார் சர்வசாதாரணமா நாலு கிலோ தாண்டும். நல்ல ஹெட்லெஸ் கிட்டார் இரண்டே கால், இரண்டரை கிலோவுக்குள்ள நிக்கும். ரெண்டு மணி நேரம் ஒரே தோள்ல ஒன்றரை கிலோ கூடுதலா தொங்குறதுக்கும் தொங்காததுக்கும் வித்தியாசம் தெரியாம இருக்காது. என் தோள்பட்டை அதுக்கு சாட்சி.

ரெண்டாவது, சமநிலை. கிட்டாரை ஒரு தராசா நினைச்சுக்கோங்க. ஸ்ட்ராப் மாட்டுற ஆணிகள்தான் தராசு தொங்குற இடம். ஒரு பக்கம் பாடி, இன்னொரு பக்கம் நீளமான நெக், அதோட நுனியில ஆறு உலோகக் கீ. நுனியில இருக்கிற சின்ன எடைகூட தூரத்தால பெரிசாகும். அதனாலதான் சில கிட்டார்கள்ல கையை விட்டதும் நெக் தரையைப் பார்த்து சாயும். எஸ்ஜி வகை கிட்டார் வாசிச்சவங்களுக்கு இது நல்லா தெரியும். இங்க கவனிக்க வேண்டிய விஷயம், நெக் சாயும்போது அதைத் தாங்கிப் பிடிக்கிறது இடது கை. வாசிக்க வேண்டிய கை தூக்குற வேலையும் சேர்த்து பார்க்குது. ஹெட்ஸ்டாக்கை எடுத்துட்டா அந்த வேலை பெரும்பாலும் போயிடும்.

மூணாவது, உட்காரும் நிலை. நல்ல எர்கோனாமிக் பாடியை வலது தொடையிலயும் வைக்கலாம், கிளாசிக்கல் கிட்டார் மாதிரி இடது தொடையில நெக்கை உயர்த்தியும் வைக்கலாம். ரெண்டாவது நிலையில மணிக்கட்டு தானாவே நேராகும். நம்ம ஊர்ல கர்நாடக இசையை கிட்டார்ல வாசிக்கிறவங்க மேடையில சம்மணம் போட்டு உட்காருவாங்க. நாற்காலிக்கும் நிக்கிறதுக்கும் வடிவமைச்ச கருவியை தரையில உட்கார்ந்து வாசிக்கும்போது, பாடியோட வடிவமும் எடையும் இன்னும் முக்கியமாகுது.

போனஸ் ஒண்ணு: நீளம் ஏறக்குறைய ஒரு ஜாண் குறையும். பைக் பின்னாடி உட்கார்ந்து போறவங்களுக்கும், ரயில் அப்பர் பெர்த்ல கிட்டாரோட தூங்குறவங்களுக்கும் அது சின்ன விஷயமில்ல.

எது ஆளைப் பொறுத்தது?

நெக் வடிவம். ஸ்ட்ராண்ட்பெர்க்கோட நெக் பின்பக்கம் வழக்கமான அரைவட்டமா இருக்காது. பட்டை பட்டையா, சரிவகம் மாதிரி வெட்டியிருக்கும். கட்டைவிரல் அந்தத் தட்டையான பரப்புல தங்கி, மணிக்கட்டு நேரா நிக்கணும்ங்கிறது கணக்கு. கட்டைவிரலை நெக் பின்னாடி வெச்சு வேகமா வாசிக்கிறவங்க நிறைய பேருக்கு இது பிடிக்குது. ஆனா ப்ளூஸ் வாசிக்கிறவங்க கட்டைவிரலை நெக்குக்கு மேல சுத்திப் பிடிச்சு ஸ்ட்ரிங்கை வளைப்பாங்க. அவங்களுக்கு அதே பட்டை உறுத்தும். ஒருத்தருக்கு மருந்தா இருக்கிறது இன்னொருத்தருக்கு தொந்தரவு.

விசிறி ஃப்ரெட்டும் அப்படித்தான். 1980-களின் இறுதியில ரால்ஃப் நோவாக் இதுக்கு அமெரிக்காவுல காப்புரிமை வாங்கினார். தடிமனான ஸ்ட்ரிங்குக்கு நீளம் அதிகம், மெல்லிசுக்குக் குறைவு. முதல் பலன் இழுவிசையும் சுருதியும் சீராகிறது. கைக்கு வசதிங்கிறது கூடவே வர்ற பலன்தான். போடன் ஆறு ஸ்ட்ரிங் மாடல்ல ரெண்டு ஓரத்துக்கும் வித்தியாசமே அரை இன்ச். 25-ல இருந்து 25.5. அரை இன்ச் சாய்வு ஆறு மாச வலியைத் தீர்க்கும்னு நான் சொல்ல மாட்டேன்.

எதை எந்த விலையும் மாத்தாது?

இப்போ என் கட்டைவிரலுக்கு வர்றேன். ஸ்ட்ரிங்கை அழுத்த எவ்வளவு பலம் வேணும்னு தீர்மானிக்கிறது ஸ்ட்ரிங்கோட தடிமன், நீளம், சுருதி, அப்புறம் ஃப்ரெட்ல இருந்து அது எவ்வளவு உயரத்துல நிக்குதுங்கிறது. அந்த உயரத்தை ஆக்‌ஷன்னு சொல்வோம். 25.5 இன்ச் நீளத்துல, வழக்கமான சுருதியில, 10 கேஜ் முதல் ஸ்ட்ரிங் சுமார் 7.3 கிலோ இழுவிசையில நிக்கும். அதையே 9 கேஜுக்கு மாத்தினா சுமார் 6 கிலோ. ஸ்ட்ரிங் ஒரு செட் சில நூறு ரூபாய். கிட்டார் பதினஞ்சாயிரமா ரெண்டு லட்சமான்னு இந்தக் கணக்குக்குத் தெரியாது.

அடுத்தது மணிக்கட்டு. மணிக்கட்டுக்குள்ள ஒரு குறுகலான சுரங்கப்பாதை இருக்கு. விரல்களை மடக்குற ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதுக்குள்ளதான் போகுது. மணிக்கட்டை மடக்க மடக்க உள்ள அழுத்தம் ஏறும். கிட்டாரை எவ்வளவு கீழ தொங்கவிடுறோமோ, அவ்வளவு மணிக்கட்டு மடங்கும். இடுப்புக்குக் கீழ கிட்டார் தொங்கினா கெத்துதான், மறுக்கல. ஆனா அந்தக் கெத்துக்கு மணிக்கட்டு கொடுக்கிற விலை அது. ஸ்ட்ராப்பை நாலு விரல்கடை ஏத்தினா செலவு பூஜ்யம்.

நான் கடைசியா ஒரு பிசியோதெரபிஸ்ட்டைப் பார்த்தேன். அவங்க முதல்ல கேட்டது கிட்டாரைப் பத்தி இல்ல. "வேலை என்ன?"ன்னு கேட்டாங்க. லேப்டாப்ல ஒன்பது மணி நேரம், அப்புறம் போன், அதுக்கு மேல கிட்டார். நான் வலியை கிட்டார்லதான் உணர்ந்தேன், ஆனா கை அன்னைக்குக் காலையில இருந்தே களைச்சுப்போயிருந்திருக்கு. அதுவும் இல்லாம, பயம்னாலயோ பழக்கத்தாலயோ, தேவையைவிட ரெண்டு மடங்கு பலமா கழுத்தைப் பிடிக்கிற மாதிரி நெக்கைப் பிடிச்சிருக்கேன். அதை எந்த நெக் வடிவமும் திருத்தாது.

அப்போ அந்தக் காசு எதுக்கு?

காசு வீண்னு சொல்ல வரல. குறைவான எண்ணிக்கையில செய்யறாங்க, ஃப்ரெட் வேலை துல்லியமா இருக்கும், தனியா வடிவமைச்ச பிரிட்ஜ், பாகங்கள், தேர்ந்தெடுத்த மரம். ஆனா ரெண்டு விஷயம் தெரிஞ்சிருக்கணும். ஒண்ணு, பூட்டிக்னு பேர் இருந்தாலே ஒரு கைவினைஞர் தனியா உட்கார்ந்து செதுக்கினதுன்னு அர்த்தமில்ல; ஸ்ட்ராண்ட்பெர்க்கோட பல மாடல்கள் இந்தோனேஷியாவுல தொழிற்சாலையில தயாராகுது. அது தரக்குறைவு இல்ல, ஆனா நம்ம கற்பனையில இருக்கிற பட்டறை அது இல்ல. ரெண்டாவது, அந்தத் தனி பாகங்கள் பழுதானா பக்கத்துக் கடையில கிடைக்காது. மேடையில ஸ்ட்ரிங் அறுந்தா பல ஹெட்லெஸ் மாடல்கள்ல சின்ன ஸ்பேனர் வேணும். அது வீட்டு மேஜையில இருந்தா கதை முடிஞ்சது.

தம்பிக்கு என் பதில்

வலி ஆறு மாசமா இருக்குன்னு சொன்னீங்க. அதனால முதல் செலவு டாக்டருக்கு. ராத்திரியில கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போகுதுன்னா இன்னும் சீக்கிரம் போங்க. நரம்பு விஷயத்துல காத்திருக்கக் கூடாது.

அதுக்கு அப்புறம், இப்போ கையில இருக்கிற கிட்டாரை வெச்சே ஒரு மாசம் சோதனை பண்ணுங்க. 9 கேஜ் ஸ்ட்ரிங். நல்ல டெக்னீஷியன்கிட்ட கொடுத்து ஆக்‌ஷனை இறக்கச் சொல்லுங்க. அகலமான ஸ்ட்ராப், உயரமா மாட்டுங்க. இருபத்தஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை கையைக் கீழ தொங்கவிட்டு அஞ்சு நிமிஷம் சும்மா இருங்க. எல்லாம் சேர்த்தா சில ஆயிரம் ரூபாய்.

ஒரு மாசம் கழிச்சு ரெண்டு சோதனை. நின்னுக்கிட்டு, ஸ்ட்ராப்போட, இடது கையை முழுசா எடுத்துடுங்க. நெக் சாயுதா? அடுத்து, கிட்டாரோட எடை மெஷின்ல ஏறுங்க, கிட்டார் இல்லாம ஏறுங்க, கழிச்சுப் பாருங்க. நாலு கிலோவுக்கு மேல இருக்கா? ரெண்டுக்கும் ஆமான்னா, உங்க கிட்டாரே பிரச்சினையோட ஒரு பகுதி. அப்போ ஹெட்லெஸ் கிட்டார் உங்களுக்கு உண்மையா உதவும். இப்போ குறைஞ்ச விலையிலயும் ஹெட்லெஸ் வருது, அதுலயும் தராசுக் கணக்கு ஒண்ணுதான். எதுவா இருந்தாலும் கடையில அஞ்சு நிமிஷம் வாசிச்சுட்டு முடிவு பண்ணாதீங்க. முதல் அஞ்சு நிமிஷம் எல்லா கிட்டாரும் சுகம்தான். நாற்பதாவது நிமிஷத்துல கை என்ன சொல்லுதுன்னு கேளுங்க.

நெக் சாயல, எடையும் குறைவுதான், ஆனா வலி இருக்குன்னா, அந்த ரெண்டு லட்சம் பேங்க்லயே இருக்கட்டும்.

நான் என்ன பண்ணேன்னு கேட்பீங்க. நண்பரோட கிட்டாரைத் திருப்பிக் கொடுத்துட்டேன். என்னோட நாலரை கிலோ கிட்டாரை வித்துட்டு, மூணு கிலோவுல ஒரு செகண்ட் ஹேண்ட் ஸ்ட்ராட் வகை கிட்டார் வாங்கினேன். கட்டைவிரலுக்கு நாலு மாசம் ஆச்சு, மெதுவா பிடிக்கக் கத்துக்கிட்டதுக்கு அப்புறம்தான் சரியாச்சு.

தம்பி, டாக்டர் என்ன சொன்னார்னு இன்னொரு வாய்ஸ் நோட் போடுங்க. மத்தவங்களும் உங்க அனுபவத்தை அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.