பாலத்தில் ஓடும் பிள்ளைக்குப் படுக்க ஓர் இடம்

"அத்தை, இந்தத் தடவை எங்கே தங்குறதுன்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும். போன தடவை மாதிரி ஆயிடக் கூடாது."

என் அண்ணன் மகள் தொலைபேசியில் இப்படிச் சொன்னபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. பினாங்குப் பாலத்தில் ஆண்டுதோறும் நடக்கும் மாரத்தான் ஓட்டத்தில் கலந்துகொள்ளப் பேராக்கிலிருந்து புறப்பட்டுப் போகிற பிள்ளை அவள். அண்ணன் 38 வருடம் கித்தா மரம் வெட்டியவர். இப்போது தோட்டத்தை விட்டு வெளியேறி, பட்டணத்து ஓரத்தில் ஒரு தாமான் வீட்டில் இருக்கிறார். மகளோ தொழிற்சாலை வேலை முடிந்து வந்து, காலணியை மாட்டிக்கொண்டு, இருட்டும் வரை ஓடிப் பழகுகிறாள்.

அப்படிப் பழகிய பிள்ளை சென்ற முறை 21 கிலோமீட்டர் ஓட்டத்தில் பாதியிலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். காரணம் உடம்பில் பலமில்லாமை அன்று. முதல் நாள் இரவு அவளுக்குப் படுக்க இடமில்லை!

வாசகர்களே, நம் பிள்ளைகளில் ஓடப் போகிறவர்கள் இன்று பலர். ராஜாமணி 1966-இல் பேங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற கதையையும், சரவணன் 1998-இல் கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டில் 50 கிலோமீட்டர் நடையில் தங்கம் வென்ற கதையையும் கேட்டு வளர்ந்த வீடுகள் நம்முடையவை. ஆனால் வெளியூரில் ஓடப் போகிற பிள்ளைக்கு ஓட்டத்தைவிடப் பெரிய தொல்லை, அந்த ஓர் இரவு எங்கே தலைசாய்ப்பது என்பதுதான். எங்கள் குடும்பம் பட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். உங்களுக்கும் உதவட்டும்.

தேதியில் வந்த தவறு

சென்ற முறை நடந்தது இதுதான். ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை என்று அறிவிப்பில் இருந்தது. அண்ணன் மகளும் அவளுடைய இரண்டு தோழிகளும் ஞாயிற்றுக்கிழமைக்கே அறை எடுத்துவிட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை பிறந்த மூன்று மணி நேரத்திலேயே ஓட்டம் தொடங்கிவிடும் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை மாலை மூட்டை முடிச்சோடு விடுதிக்குப் போனால், "உங்களுக்கு நாளைக்குத்தானே அறை?" என்று கேட்டார்கள். கெஞ்சிப் பார்த்தும் பயனில்லை. விடுதி நிரம்பியிருந்தது. அக்கம்பக்கத்திலும் கதவு திறக்கவில்லை. இரவு முழுவதும் திறந்திருக்கும் ஒரு மாமாக் கடையில் தேத்தண்ணீர் வாங்கி வைத்துக்கொண்டு மூன்று பெண் பிள்ளைகளும் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அதற்குப் பிறகு 21 கிலோமீட்டர் ஓடச் சொன்னால் உடம்பு என்ன செய்யும்?

ஆகவே முதல் பாடம் இது: படுக்கை வேண்டியது சனிக்கிழமை இரவுக்கு. கடந்த ஆண்டுகளில் முழு மாரத்தான், அதாவது 42.195 கிலோமீட்டர், ஞாயிறு அதிகாலை 1.30 மணியை ஒட்டியும், அரை மாரத்தான் 3 மணியை ஒட்டியும் தொடங்கியிருக்கின்றன. இரவில் ஓட விடுவதற்குக் காரணம் உண்டு. நம் நாட்டு வெயிலில் பகலில் ஓடினால் மயங்கி விழ நேரும். பாலத்தையும் பகல் முழுவதும் வண்டிகளுக்கு மூடி வைக்க முடியாது.

சனிக்கிழமை பிற்பகல் அறைக்குள் போய், மாலை 5 மணிக்குச் சாப்பிட்டு, 6 மணிக்கெல்லாம் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்தால், நள்ளிரவு வரை நல்ல தூக்கம் கிடைக்கும். ஓடி முடித்து வந்து குளித்து, நண்பகலில் அறையை ஒப்படைக்கலாம். சரியாகத் திட்டமிட்டால் ஓர் இரவு வாடகையே போதும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஓட்டச் சட்டையையும் எண் அட்டையையும் முன்னதாகவே, அவர்கள் குறிப்பிடும் நாளிலும் இடத்திலும் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் சீட்டு எடுக்க வேண்டும்.

எந்தப் பக்கம் தங்குவது?

பினாங்குப் பாலம் 1985-இல் திறக்கப்பட்டது. மொத்த நீளம் 13.5 கிலோமீட்டர். அதில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேலே செல்கிறது. தீவுப் பக்கத்தில் குளுகோர் அருகே கரையேறுகிறது. ஓட்டமோ பல ஆண்டுகளாக அதற்குத் தெற்கே, பாயான் லெப்பாஸ் பக்கத்தில் உள்ள குவீன்ஸ்பே வட்டாரத்தில் தொடங்கி அங்கேயே முடிகிறது. இந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இடம் தேட வேண்டும்.

பினாங்கு என்றாலே நமக்கு நினைவுக்கு வருவது ஜார்ஜ்டவுன். குவீன் வீதியில் 1833-இலேயே எழுந்த மகா மாரியம்மன் கோயில், பாசார் வீதிப் புடவைக் கடைகள், வாழை இலைச் சாப்பாடு எல்லாம் அங்கேதான். சூலியா வீதியிலும் லவ் லேனிலும் மலிவான படுக்கைகள் கிடைக்கும். 2008-இல் உலகப் பாரம்பரிய நகரமாக அறிவிக்கப்பட்ட பிறகு, பழைய கடை வீடுகள் பலவும் விடுதிகளாகிவிட்டன. ஆனால் அங்கிருந்து குவீன்ஸ்பேக்குப் பத்துக் கிலோமீட்டருக்கு மேல். நள்ளிரவுக்குப் பிறகு பஸ்ஸை நம்ப முடியாது. வாடகைக் கார் கூப்பிட்டால், ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் கூப்பிடுவதால் கட்டணம் ஏறும். சாலைகளையும் மூடியிருப்பார்கள். மலிவாகக் கிடைத்த படுக்கை, போக்குவரத்துச் செலவில் விலை கூடிப் போகும்.

பெருநிலப் பக்கம், அதாவது பட்டர்வொர்த், பிறை, செபராங் ஜெயா ஆகிய இடங்களில் சொந்தக்காரர் வீடு இருந்தால் செலவே இல்லை என்று தோன்றும். எங்கள் அண்ணியும் அதைத்தான் சொன்னார். அங்கேதான் பெரிய சிக்கல். ஓட்டத்துக்காக அந்தப் பாலத்தையே வண்டிகளுக்கு மூடிவிடுவார்கள்! பெரியும் விடிய விடிய ஓடுவதில்லை. மிஞ்சுவது 2014 மார்ச் 1-இல் திறக்கப்பட்ட இரண்டாவது பாலம். பத்து கவானிலிருந்து பத்து மவுங்கிற்குப் போகும் அந்தப் பாலம் 24 கிலோமீட்டர். சொந்த வண்டி உள்ளவர்கள் அந்த வழியாகச் சுற்றி வரலாம். வண்டி இல்லாதவர்கள், சனிக்கிழமை மாலைக்குள் தீவுக்குள் வந்துவிடுவதே நல்லது.

நாங்கள் தேர்ந்தெடுத்தது சுங்கை நிபோங் வட்டாரம். வெளியூர் பஸ்கள் வந்து நிற்கும் நிலையம் அங்கே இருக்கிறது. குவீன்ஸ்பேக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். அவசரம் வந்தால் நடந்தே போகலாம். பாயான் பாரு, புக்கிட் ஜம்புல் பக்கங்களும் தோதானவை.

கணக்குப் போடுவோம்

அண்ணன், அண்ணி, மகள், மகன், நான் என்று ஐந்து பேர் புறப்பட்டோம். சுங்கை நிபோங்கில் குடும்ப அறை ஒன்று 180 வெள்ளி சொன்னார்கள். தலைக்கு 36 வெள்ளி. ஜார்ஜ்டவுனில் 130 வெள்ளிக்கு ஓர் அறை இருந்தது. "ஐம்பது வெள்ளி மிச்சமாச்சே!" என்றார் அண்ணன். சாதாரண வாடகைக் காரில் நான்கு பேருக்கு மேல் ஏற முடியாது. ஐந்து பேருக்கு இரண்டு கார். போக வர நான்கு தடவை. இதைச் சொன்னதும் அண்ணன் பேசாமல் இருந்துவிட்டார்.

அறை எடுக்கும்போது கேட்டுக்கொள்ள வேண்டியவை சில உண்டு. எத்தனை பேர் தங்கலாம்? கூடுதல் மெத்தைக்குத் தனிக் கட்டணமா? இரவு 1 மணிக்கு வெளியே போனால் கதவைத் திறந்துவிட ஆள் இருப்பாரா? வர முடியாமல் போனால் கட்டிய பணம் திரும்புமா? நான்கையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். 2017-இல் கொண்டுவரப்பட்ட சுற்றுலா வரி வெளிநாட்டாருக்குரியது, நமக்கு இல்லை. ஆனால் பினாங்கில் 2014 முதல் ஊராட்சிக் கட்டணம் என்று ஒரு சிறு தொகை வாங்குகிறார்கள். அது நமக்கும் உண்டு. வாடகையில் அது சேர்ந்ததா, தனியா என்று கேட்டுக்கொள்ளலாம்.

அடுக்குமாடி வீடுகளை நாள் வாடகைக்கு விடுகிறவர்களும் இருக்கிறார்கள். குடும்பத்தோடு போகிறவர்களுக்குச் சமையலறையோடு வீடு கிடைத்தால் வசதிதான். ஆனால் தீவில் இதற்கு 2023-இல் கட்டுப்பாடுகள் வந்துவிட்டன. அனுமதி உள்ள இடமா என்று விசாரிக்காமல் போனால், வாசலில் காவல்காரர் தடுக்கக்கூடும்.

இதைவிட முக்கியமான ஒன்று. முகநூலில் அழகான வீட்டின் படத்தைப் போட்டு, "இன்றே பாதிப் பணம் கட்டுங்கள், இல்லையென்றால் வேறொருவருக்குப் போய்விடும்" என்று அவசரப்படுத்துவார்கள். பணம் போனதும் ஆளும் இல்லை, வீடும் இல்லை. தனி ஒருவரின் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னாலே எச்சரிக்கையாக இருங்கள். தெரியாமல் அனுப்பிவிட்டால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 997 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். மோசடிக்காரர்களிடம் போகும் பணத்தைத் தடுப்பதற்கென்றே அரசாங்கம் ஏற்படுத்திய எண் அது.

அன்று தைப்பூசம், இன்று மாரத்தான்

இவ்வளவு கணக்குப் பார்க்கும்போது எனக்குப் பழைய நாள் நினைவுக்கு வந்தது. சிறு வயதில் தைப்பூசத்துக்குத் தோட்டத்து லோரியில் பினாங்குக்கு வருவோம். எங்கே தங்குவது என்று யாரும் கேட்டதாக நினைவில்லை. தண்ணீர்மலை அடிவாரத்தில் பாயை விரித்தால் அதுதான் வீடு. கட்டிக்கொண்டு வந்த புளிச்சோறு ஒரு வேளைக்கு, தண்ணீர்ப்பந்தல் அன்னதானம் மறு வேளைக்கு.

அந்தப் பழக்கத்தில்தானோ என்னவோ, "பஸ் நிலையத்திலேயே படுத்துக்கிட்டா என்ன?" என்று அண்ணன் இப்போதும் கேட்டார். சாமி கும்பிடப் போகிறவன் விழித்திருக்கலாம். ஓடப் போகிற பிள்ளை தூங்கியாக வேண்டும். அவளுடைய தூக்கத்துக்குக் கொடுக்கிற காசு வீண் செலவு ஆகாது. அது, அவள் ஓடிப் பழகிய அத்தனை மாதங்களுக்கும் நாம் கொடுக்கிற மரியாதை.

புளிச்சோற்றை மட்டும் நாங்கள் விடவில்லை. சனிக்கிழமை மாலை அறையில் அதைத்தான் சாப்பிட்டோம். 6 மணிக்கு விளக்கை அணைத்தோம். பிள்ளை தூங்கும்வரை அண்ணி அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

விடியலில் தெரிந்த தீவு

அண்ணனும் நானும் அதிகாலையிலேயே குவீன்ஸ்பே கரைக்குப் போய்க் காத்திருந்தோம். வானம் வெளுக்கத் தொடங்கியபோது, எதிரே கடலில் பச்சைப் பசேலென்று ஒரு தீவு தெரிந்தது. அதுதான் ஜெரஜாக் தீவு.

நம்மில் பலருக்கு அந்தப் பெயர் மறந்துவிட்டது. கப்பலில் வந்த நம் தோட்டத் தொழிலாளர்களை, நோய் பரவும் என்று அஞ்சி, நேரே கரையில் இறக்காமல் அந்தத் தீவில் அடைத்து வைத்திருந்தார்கள். தடுப்புக் காவல் நாட்கள் முடிந்த பிறகே தோட்டத்துக்கு அனுப்பினார்கள். தொழுநோயாளிகளுக்கான இல்லமும் அங்கேதான் இருந்தது. பின்னர் 1969 முதல் 1993 வரை அது சிறைத் தீவாகவும் இருந்தது.

"நம்ம பாட்டன் இந்த ஊர்ல மொதல் மொதல்ல படுத்த இடம் அதுதான்" என்றார் அண்ணன். "எத்தனை நாள் வச்சிருந்தாங்கன்னு அவருக்கே கணக்குத் தெரியாதாம். ‘கப்பலை விட்டு எறங்கியும் கரை ஏறல’ன்னு சொல்லுவார்."

அதற்கு மேல் அவர் எதுவும் பேசவில்லை. சிறிது நேரத்தில் மகள் வந்து சேர்ந்தாள். கழுத்தில் பதக்கம் தொங்கியது. உப்பு பூத்த முகம், தள்ளாடுகிற கால். ஆனால் உட்காரவில்லை, நின்றுகொண்டே சிரித்தாள்.

"அத்தை, முழுசா ஓடிட்டேன்" என்றாள். "நல்லாத் தூங்கினேன்ல, அதான்."

அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் முகத்தைத் துடைத்துவிட்டார். பிறகு அறைக்குத் திரும்பினோம். நண்பகல் வரை அறை நம்முடையதுதான். பிள்ளை குளித்துவிட்டு, மறுபடியும் படுத்துத் தூங்கினாள்.

ஓட்டம் ஆண்டு இறுதியில், பெரும்பாலும் நவம்பரிலோ டிசம்பரிலோ வருகிறது. மக்கள் ஊர் சுற்றும் காலமும் அதுதான். உங்கள் வீட்டுப் பிள்ளை பெயர் கொடுத்த அன்றே, சனிக்கிழமை இரவுக்கு ஓர் அறையும் சொல்லி வைத்துவிடுங்கள்.