டிபி வார்டில் தூக்கம் வராதவர்களுக்கு

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒருவருக்கு டிபி (காசநோய்) என்று தெரிந்தால், ஆள் பிழைப்பாரா என்று கேட்பதற்கு முன்பே வேலை என்னாகும் என்ற பேச்சு வந்துவிடும். குடியிருப்பது தோட்டத்து வீடு. வேலை போனால் கூரையும் போகும். தானா ராத்தாவிலோ கீழே ஈப்போவிலோ ஆஸ்பத்திரித் தனி அறையில் படுத்திருப்பவரை ராத்திரி முழுக்கப் புரள வைப்பதில் பாதி இந்தக் கணக்குதான். அவருக்கு ஆறுதல் சொல்லப் போகிறவர்கள் முதலில் சட்டத்தைச் சொல்லட்டும்.

1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி, மருத்துவமனையில் தங்கியாக வேண்டும் என்று டாக்டர் சான்று கொடுத்தால் ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 2023 ஜனவரி 1 முதல் அது வழக்கமான எம்சி (மருத்துவ விடுப்பு) நாட்களில் கழிவதில்லை. விடுப்பு தொடங்கி 48 மணி நேரத்துக்குள் தோட்ட ஆபீசுக்குத் தகவல் போய்விட வேண்டும்; படுத்திருப்பவரால் முடியாவிட்டால் வீட்டார் சொல்லிவிடுங்கள். நியாயமின்றி வேலையிலிருந்து நீக்கினால், நீக்கிய நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் புகார் கொடுக்கலாம்.

அடுத்தது அவமானம். மலேசியாவில் ஆண்டுக்கு 25,000 பேருக்கு மேல் காசநோய் கண்டுபிடிக்கப்படுகிறது. ஆனாலும் நம் லயங்களில் அது இன்னமும் பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும் நோய். தட்டு, டம்ளரைத் தனியாக ஒதுக்குகிறார்கள். காசநோய் இருமல் வழியே காற்றில்தான் பரவும், பாத்திரத்தில் ஒட்டாது. மருந்துக்குக் கட்டுப்படும் நோயாக இருந்தால், சரியாகச் சாப்பிட்டுவரும் பெரும்பாலோரிடம் சில வாரங்களிலேயே தொற்று வெகுவாகக் குறைந்துவிடும். ஆறு மாத மருந்தை முடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

மருந்தும் மனத்தைக் கலக்கும். ரிஃபாம்பிசின் சாப்பிட்டவருக்குச் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். யாரும் முன்கூட்டிச் சொல்லாவிட்டால் ரத்தம் என்று நினைத்து, முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரியும் தாதியிடம் கேட்கக் கூசி, மாத்திரையைத் தலையணைக்கடியில் ஒளிப்பார். அந்த நிறத்தால் கெடுதல் இல்லை. ஐசோனியாசிட் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். அபூர்வமாகப் புத்தியையும் தடுமாற வைக்கும். மருந்துக்குப் பிடிகொடுக்காத டிபிக்குத் தரும் சைக்ளோசெரினில் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வரக்கூடும். இதையெல்லாம் "கோழைத்தனம்" என்று அதட்டுவது அறியாமை. டாக்டரிடம் சொன்னால் மருந்தை மாற்றவோ அளவைக் குறைக்கவோ வழி உண்டு. தானாக நிறுத்துவதுதான் ஆபத்து.

மனநல உதவியும் காசநோய்ச் சிகிச்சையில் சேர்ந்தது என்றுதான் உலகச் சுகாதார நிறுவனமும் சொல்கிறது. ஆகவே மனநல ஆலோசகரையோ மருத்துவச் சமூகப் பணியாளரையோ பார்க்க வேண்டும் என்று வார்டு டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். மலாய் சரியாக வராத பெரியவர் என்றால் தமிழ் தெரிந்த ஊழியரையும் கேளுங்கள். பக்கத்துத் தோட்டத்து வங்காளதேசத் தம்பிக்கு வாய் திறப்பதே இன்னும் கடினம். டிபி என்றால் ஊருக்கே அனுப்பிவிடுவார்களோ என்று இருமலையே மறைப்பார்.

"என்னை வீட்டுக்குக் கூட்டிப் போங்க, இல்லேன்னா ஏஓஆர் (சொந்தப் பொறுப்பில் வெளியேறும் கையெழுத்து) போட்டுட்டு வந்துடறேன்" என்று போன் வந்தால் திட்டாதீர்கள். அன்றே யாராவது போய், தாதியிடம் கேட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு பேசுங்கள். "நான் இருந்து என்ன பிரயோசனம்" என்று சொன்னால் உடனே வார்டு தாதியிடம் தெரிவியுங்கள். வெளியிலிருந்து பேச சுகாதார அமைச்சின் ஹீல் 15555 எண்ணும், பிஃப்ரெண்டர்ஸின் 03-7627 2929 எண்ணும் இருக்கின்றன. உயிருக்கு ஆபத்து என்றால் 999.