டொலர் என்னும் பெல்மதுளைச் சந்தி

கார்த்திகை பிறந்ததும் கொடகவெலயைச் சுற்றியுள்ள தோட்டங்களில் கறுப்பு வேட்டிகள் தெரியத் தொடங்கும். மாலை போட்டவர்களில் சிலர் உள்ளூர்க் கோயிலோடு விரதத்தை முடித்துக்கொள்வார்கள். கொஞ்சம் காசு சேர்த்தவர்கள் சபரிமலைக்கே போவார்கள். கடவுச்சீட்டு, விசா, நெய்த்தேங்காய் எல்லாம் ஒழுங்கான பிறகு கடைசியாக ஒரு கேள்வி வரும்: "சாமி, இந்தியக் காச எங்க மாத்துனா கட்டுப்படியாகும்?"

ஆளுக்கொரு பதில் கிடைக்கும். கொழும்பிலேயே மாற்று என்பார் ஒருவர். டொலராகக் கொண்டுபோய் அங்கே மாற்று என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் போய்வந்தவர்கள்தான். இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம் என்பதுதான் இதில் வேடிக்கை.

நம் பூட்டன்மாருக்கு இந்தத் தலைவலி இருக்கவில்லை. 1872 முதல் இலங்கையின் கணக்கே ரூபாயில்தான் நடந்தது. இந்தியாவில் செல்லுபடியான அதே வெள்ளி ரூபாய், 11.66 கிராம் எடையுள்ளது, இங்கேயும் செல்லுபடியானது. சில்லறை மட்டும்தான் வேறு: அங்கே அணா, இங்கே சதம். பின்னர் இரண்டு நாடுகளும் தனித்தனி நோட்டு அச்சிட்டு, தனித்தனி மத்திய வங்கி வைத்த பிறகும் மதிப்பு ஒன்றுக்கு ஒன்றாகவே இருந்தது. 1966 ஜூன் 6 அன்று இந்தியா தன் ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. அதுவரை ஒரு டொலருக்கு 4.76 ஆக இருந்தது 7.50 ஆயிற்று. இலங்கை அடுத்த ஆண்டு நவம்பரில்தான் குறைத்தது, அதுவும் 5.95 வரை மட்டுமே. இரண்டு ரூபாய்களும் அன்று பிரிந்த வழி இன்றுவரை சேரவில்லை. இப்போது ஓர் இந்திய ரூபாய்க்கு நாம் மூன்றரை ரூபா அளவில் கொடுக்கிறோம்.

சரி, எங்கே மாற்றுவது? நாணயமாற்றுக் கடையின் பலகையைப் பாருங்கள். ஒவ்வொரு நாட்டுக் காசுக்கும் எதிரே இரண்டு எண்கள் இருக்கும்: கடைக்காரர் வாங்கும் விலை, விற்கும் விலை. இரத்தினபுரிப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கல் வியாபாரி ஒரு விலைக்கு வாங்கி இன்னொரு விலைக்கு விற்கிறார்; இடையில் நிற்பதுதான் அவர் வீட்டு அடுப்பை எரிக்கிறது. "கொமிஷன் இல்லை" என்று பெரிதாக எழுதிய பலகையிலும் அந்த இடைவெளி உண்டு. கூலியைத் தனியாகக் கேட்காமல் விலைக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

அந்தக் கூலி எவ்வளவு என்று அறிய ஒரு சின்னக் கணக்குப் போதும். இரண்டு எண்களையும் கழியுங்கள். பிறகு இரண்டையும் கூட்டுங்கள். கழித்து வந்ததைக் கூட்டி வந்ததால் வகுங்கள். பலகையில் இந்திய ரூபாய் வாங்க 3.30, விற்க 3.70 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். கழித்தால் 0.40, கூட்டினால் 7.00. வகுத்தால் நூற்றுக்கு 5.7 வீதம் வரும். ஒருமுறை மாற்றுவதற்கு நீங்கள் கொடுக்கும் உண்மையான கூலி இதுதான். மிஞ்சிய காசைத் திரும்பி வந்து மாற்றினால் இன்னொரு 5.7.

இப்போது டொலர் வரியைப் பார்ப்போம். வாங்க 296, விற்க 304 என்று இருந்தால் கூலி 1.3 வீதம். இந்தியாவில் டொலரை வாங்க 84.50, விற்க 87.50 என்று இருந்தால் அங்கே 1.7 வீதம். இரண்டும் சேர்ந்து 3. கையில் ஒரு இலட்சம் ரூபா இருந்தால் நேரே மாற்றும்போது 27,027 இந்திய ரூபாய் கிடைக்கும். டொலர் வழியாகப் போனால் 27,796. இருமுறை மாற்றியும் 769 ரூபாய் கூடுதல்! இதே கடையில் இந்திய ரூபாயின் விற்பனை விலை 3.55 ஆக இருந்தால் கதை தலைகீழ். நேரே மாற்றினாலே 28,169 கிடைத்துவிடும். எண்கள் எல்லாம் கணக்குக்காக எடுத்தவை. முறை மட்டும் எந்த நாளுக்கும் பொருந்தும். சாமிமார் இருவரும் ஏன் சரியாக இருக்கலாம் என்பது இப்போது விளங்கும்.

இரண்டு முறை கைமாறியும் எப்படி மலிவாகிறது? கொடகவெலயிலிருந்து பலாங்கொடைக்குப் போவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோ பிடித்து நேரே போகலாம். எம்பிலிப்பிட்டிய வீதியில் வரும் பஸ்ஸில் ஏறி, பெல்மதுளைச் சந்தியில் இறங்கி, வேறு பஸ் பிடித்தும் போகலாம். சந்தி வழி சுற்றுதான். ஆனால் அந்தப் பாதையில் ஆட்கள் ஓயாமல் போய்வருவதால் செலவு பலர் தலையில் பிரிகிறது. ஆட்டோவோ திரும்பி வெறுமனே வர வேண்டும். அந்தக் கூலியும் நம் தலையில்தான்.

டொலர் உலகக் காசுகளின் பெல்மதுளைச் சந்தி. உலகில் ஏறத்தாழ 180 நாணயங்கள் உண்டு. ஒவ்வொன்றையும் மற்ற ஒவ்வொன்றோடும் நேரே மாற்றச் சந்தை வேண்டுமென்றால் 16,110 சந்தைகள் தேவைப்படும். எல்லாவற்றையும் ஒரு சந்தியில் கொண்டுவந்து இணைத்தால் 179 போதும். 2022இல் சர்வதேசத் தீர்வு வங்கி எடுத்த கணக்குப்படி உலகில் ஒரு நாளில் கைமாறிய அந்நியச் செலாவணி 7.5 இலட்சம் கோடி டொலர். அதில் நூற்றுக்கு 88 பங்கு வியாபாரத்தில் ஒரு பக்கம் டொலர் நின்றது.

நோட்டு என்பதும் ஒரு சரக்குத்தான். அதை ஏற்றி இறக்க வேண்டும், காவல் போட வேண்டும், கள்ள நோட்டா என்று பார்க்க வேண்டும், கேட்டு வரும் ஆள் கிடைக்கும்வரை பெட்டியில் வைத்திருக்க வேண்டும். அதற்குள் விலை இறங்கினால் நட்டம் கடைக்காரருக்கு. அதனால்தான் அதிகம் புழங்காத நோட்டுக்கு இடைவெளி அகலம். நம் இலங்கை ரூபாவை அப்படியே சென்னைக்குக் கொண்டுபோய் மாற்றினால் கையைச் சுடுவது இதனால்தான். விமான நிலையத்தில் கடை வாடகையும் சேர்ந்துகொள்ளும்; இறங்கியதும் வண்டிக்கும் தேநீருக்கும் வேண்டியதை மட்டும் அங்கே மாற்றலாம்.

வங்கி அட்டை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. இந்தியக் கடையில் அட்டையைப் போட்டதும், "இலங்கை ரூபாவில் செலுத்தவா, இந்திய ரூபாயிலா?" என்று இயந்திரம் கேட்கும். நம் ரூபா என்றதும் மனம் அந்தப் பக்கம் சாயும். அதைத் தொட்டால் விலையைத் தீர்மானிப்பது அந்தக் கடைப் பக்கத்து நிறுவனம். அதன் இலாபமும் அந்த விலைக்குள் ஏறிவிடும். எந்த நாட்டில் நிற்கிறோமோ அந்த நாட்டுக் காசையே தெரிவு செய்ய வேண்டும். ஏடிஎம்மில் ஒவ்வொரு தடவைக்கும் இவ்வளவு என்று கட்டணம் பிடித்தால், ஐந்து முறை சிறிதாக எடுப்பதைவிட ஒருமுறை பெரிதாக எடுப்பது நல்லது.

மலிவு என்றதும், வங்கிக்கு வெளியே அனுமதியின்றிக் காசு மாற்றும் உண்டியல்காரர் நினைவுக்கு வரலாம். 2022 மார்ச்சில் மத்திய வங்கி பிடியை விடும்வரை வங்கியில் டொலர் 200 ரூபாவை ஒட்டியே நின்றது, வெளியில் அதைவிடக் கூட. மே மாதத்தில் 360 ஆயிற்று. வெளிநாட்டில் உழைப்பவர்கள் வங்கி வழியாக அனுப்பிய காசு 2020இல் 710 கோடி டொலர். 2022இல் 380 கோடிதான். பலர் உண்டியல் பக்கம் போனதும் அதற்கு ஒரு காரணம். நாட்டில் டொலர் போதாமல் அந்த ஆண்டு எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நின்ற வரிசை எல்லோருக்கும் நினைவிருக்கும். அனுமதி பெறாத ஆளிடம் மாற்றினால் பற்றுச்சீட்டும் இல்லை, காசு கள்ள நோட்டானால் கேட்க நாதியும் இல்லை.

மிஞ்சிய இந்திய நோட்டை அடுத்த மாலைக்கென்று அலுமாரியில் வைப்பதும் ஆபத்து. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. 2023 மே மாதத்தில் 2000 ரூபாய் நோட்டையும் மீளப் பெறுவதாக அறிவித்தார்கள்.

ஆகவே சாமிமாரே, மாற்றப் போகும் இடத்தில் ஒரு விலையை மட்டும் கேட்காதீர்கள். வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டையும் கேளுங்கள். கழித்து, கூட்டி, வகுத்துப் பாருங்கள். வங்கியிலோ மத்திய வங்கி அனுமதி பெற்ற கடையிலோ மாற்றி, பற்றுச்சீட்டை இருமுடிப் பைக்குள் பத்திரமாக வையுங்கள்.