சீழ் பிடித்து விலகிய இடுப்பு மூட்டு: குழந்தைக்கு அறுவை சிகிச்சை எப்போது, எதற்காக?

தூளியிலிருந்து தூக்கும்போது கைக்குழந்தை வீறிட்டு அழுகிறது. ஒரு காலை மட்டும் அசைக்காமல் வைத்திருக்கிறது. ‘உரம் விழுந்திருக்கும்’ என்று சேலையில் இட்டு உருட்டுவதும், ‘சுளுக்கு’ என்று எண்ணெய் தேய்ப்பதும் நம் காஞ்சிபுரம் வீடுகளில் இன்றும் உண்டு. அன்பினால் செய்வதே எனினும், இடுப்பு மூட்டில் சீழ் பிடித்திருந்தால் இவ்வாறு கழியும் ஒவ்வொரு நாளும் குழந்தையின் பிற்கால நடையைப் பாதிக்கும்.

மூட்டு ஏன் விலகுகிறது?

இரத்தத்தின் வழியே வரும் கிருமி, பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ், மூட்டில் தங்கிச் சீழ் உண்டாக்குகிறது. இடுப்பு மூட்டு ஆழத்தில் இருப்பதால் வீக்கம் வெளியே தெரியாது. பச்சிளங்குழந்தைக்குக் காய்ச்சலும் இல்லாதிருக்கலாம். சீழின் அழுத்தம் மூட்டுறையை விரிக்க, தொடை எலும்பின் தலை கிண்ணத்தை விட்டு நழுவுகிறது. அத்தலைக்குச் செல்லும் இரத்த ஓட்டமும் தடைப்படுகிறது, குருத்தெலும்பு அரிக்கப்படுகிறது. லண்டன் அறுவை மருத்துவர் டாமஸ் ஸ்மித் 1874இல் இந்நோயை விவரித்தார். அதனால் இது நம் நாட்டில் ‘டாம் ஸ்மித் மூட்டழற்சி’ என்றும் வழங்கப்படுகிறது.

முதல் அறுவை: அவசரம்

சீழ் உறுதியானால் தாமதமின்றி மூட்டைத் திறந்து, சீழை அகற்றிக் கழுவுகிறோம். தொடர்ந்து சில வாரங்கள் ஆன்டிபயாடிக் மருந்து தேவைப்படும். எலும்பு விலகியிருந்தால் அதைக் கிண்ணத்தில் பொருத்தி, கால்களை அகற்றி வைத்து மாவுக்கட்டு இடுகிறோம்.

பிந்தைய அறுவை: நிதானம்

குழந்தை நடக்கத் தொடங்கி, விந்தி நடக்கும்போதுதான் பல குடும்பங்கள் வருகின்றன. அப்போது அவசரம் கூடாது. கிருமித்தொற்று முற்றிலும் தணிந்ததை இரத்தப் பரிசோதனையால் உறுதி செய்ய வேண்டும். இதற்குச் சில மாதங்கள் ஆகலாம். தொடை எலும்பின் தலை எஞ்சியுள்ளதா என்பதே அடுத்த கேள்வி. சிறு குழந்தைக்கு அது குருத்தெலும்பாகவே இருப்பதால் எக்ஸ்-ரேயில் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் காட்டும்.

தலை எஞ்சியிருந்தால் மூட்டைத் திறந்து அதைக் கிண்ணத்தில் அமர்த்தலாம். அழுத்தத்தைக் குறைக்கத் தொடை எலும்பைச் சற்றுக் குறுக்கவோ திருப்பவோ நேரிடும். கிண்ணம் ஆழமற்றதாயின், கனடாவின் ராபர்ட் சால்டர் 1961இல் வெளியிட்ட முறைப்படி இடுப்பெலும்பை வெட்டிச் சாய்த்துக் கூரை அமைக்கலாம். பின்னர் மார்பிலிருந்து கால் வரை சுமார் ஆறு வாரம் மாவுக்கட்டு இருக்கும்.

தலை அழிந்துவிட்டால், சிறு குழந்தைக்குத் தொடை எலும்பின் பக்கவாட்டு மேடான பகுதியைக் கிண்ணத்தில் பொருத்துவது ஒரு வழி. வளர்ந்த பிள்ளைகளுக்கு, தொடை எலும்பை வெட்டி இடுப்பைத் தாங்கச் செய்து, இலிசரோவ் வளையக் கருவியால் காலின் நீளத்தைக் கூட்டலாம்.

எதை எதிர்பார்க்கலாம்?

சம்மணமிட்டு உண்ணவும், குழித்தறியில் அமர்ந்து காலால் மிதிக்கவும் இடுப்பு மடங்க வேண்டும். ஆகவே இறுகிப்போன மூட்டைவிட, விலகியிருந்தாலும் வலியின்றி மடங்கும் மூட்டு சிலருக்கு மேலானது. அத்தகைய பிள்ளைக்கு அறுவை வேண்டாம் என்றும் நாங்கள் கூறுவதுண்டு. மூட்டு இறுகுதல், மீண்டும் விலகுதல், கால் குட்டையாதல் ஆகியவை அறுவைக்குப் பின்னும் நேரலாம். எனவே வளர்ச்சி முடியும் வரை தொடர் பரிசோதனை அவசியம்.

பெற்றோரே, தாமதமாக வந்தோமே என்று உங்களை நொந்துகொள்ள வேண்டாம். இந்நோயைத் தொடக்கத்தில் கண்டறிவது மருத்துவர்க்கும் எளிதன்று. பழைய எக்ஸ்-ரே, மருந்துச் சீட்டுகள் அனைத்தையும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருப்பின் அதையும் உடன் கொண்டு வாருங்கள். குழந்தை ஒரு காலை அசைக்க மறுத்தால், துணி மாற்றும்போது அலறினால், உருட்டாதீர்கள், தேய்க்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு வாருங்கள்.